உப்பு உள்ளளவும் ஒட்டும் உறவு: நீர்வெறுப்பு நிறப்பிரிகையில் பல்லுறுப்பித் தாங்கிகள்

முன்னுரை

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆய்வுக்கூடத்தில் நான் பழகிய புரதங்களும் உப்பை நினைக்கத்தான் செய்கின்றன. ஆனால், உப்பு உள்ளளவும் மட்டுமே நினைக்கின்றன. உப்பு மிகுந்த நீரில் அவை குழாயில் நிரப்பப்பட்ட சின்னஞ்சிறு மணிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. உப்பைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வெளியேறுகின்றன. இந்தக் குணத்தைப் பயன்படுத்திப் புரதங்களைத் தனித்தனியே பிரிக்கும் முறைக்கு நீர்வெறுப்பு நிறப்பிரிகை என்று பெயர். 'ஹைட்ரோபோபிக் குரோமடோகிராபி' என்று நாம் விரிவுரைகளில் கேட்டது இதைத்தான்.

என் இறுதியாண்டு ஆய்வு இந்த முறையை நம்பித்தான் நின்றது. ஒரு பாக்டீரியாவிலிருந்து லைப்பேஸ் என்னும் நொதியைத் தூய்மைப்படுத்த வேண்டும். கையில் மூன்று வாரங்களே இருந்தபோது அந்த நொதி முழுவதும் குழாய்க்குள் காணாமல் போனது. காரணம், குழாயில் நான் நிரப்பிய மணிகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. புரதத்தைப் பற்றிப் படித்தேன், உப்பைப் பற்றிப் படித்தேன். அவை சந்தித்துக்கொள்ளும் இடத்தை மறந்துவிட்டேன். அந்த மணிகளை, அதாவது பல்லுறுப்பித் தாங்கிகளைப் பற்றியதுதான் இக்கட்டுரை. பாலிமர் என்பதையே இங்குப் பல்லுறுப்பி என்கிறேன்.

நிறமே இல்லாத நிறப்பிரிகை

நிறப்பிரிகை என்னும் பெயருக்குக் காரணமானவர் மிக்கைல் ஸ்வெட் என்னும் ரஷ்யத் தாவரவியலாளர். 1903-ஆம் ஆண்டில் வார்சாவில் அவர் தம் முறையை விளக்கினார். இலையின் நிறப்பொருள்களைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கரைப்பானால் கழுவியபோது, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தன. 1906-இல் இம்முறைக்குக் குரோமடோகிராபி என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் நிறத்தை எழுதுதல் என்று பொருள்படும். இன்று நாம் பிரிக்கும் பெரும்பாலான புரதங்களுக்கு நிறமே இல்லை. 280 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை அவை உறிஞ்சுவதைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறோம். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

உப்பின் பங்கு அதற்கும் முன்பே தெரிந்திருந்தது. 1888-இல் பிராகு நகரில் பிரான்ஸ் ஹோப்மைஸ்டர் முட்டையின் வெள்ளைக்கருப் புரதத்தை வீழ்படிவாக்க எந்த உப்பு எவ்வளவு வேண்டும் என்று ஆராய்ந்தார். சல்பேட்டு உப்புகள் குறைந்த அளவிலேயே புரதத்தை வெளியே தள்ளின. குளோரைடுகளுக்கு அந்த ஆற்றல் குறைவு. இந்த வரிசையை இன்றும் ஹோப்மைஸ்டர் வரிசை என்றே அழைக்கிறோம். 1948-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னே டிசேலியஸ், வீழ்படிவாவதற்குப் போதாத அளவு உப்பில்கூடப் புரதங்கள் திண்மப் பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதை விளக்கினார். அதே ஆண்டில், மின்புலப் பிரிகை, பரப்புக் கவர்ச்சி ஆகியவை குறித்த ஆய்வுகளுக்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆயினும் இது ஒரு முழுமையான பிரிகை முறையாக வளர 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் எளிது. உப்பு தயாராக இருந்தது. புரதமும் தயாராக இருந்தது. தகுந்த தாங்கி இல்லை.

எண்ணெய் நீரை வெறுக்கிறதா?

தமிழில் நீர்வெறுப்பு என்று சொல்லிவிடுகிறோம். மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள சொல்லுக்கும் நீரைக் கண்டு அஞ்சுதல் என்பதே பொருள். உண்மையில் இங்கு வெறுப்பும் இல்லை, அச்சமும் இல்லை. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பற்றிக்கொள்பவை. நடுவில் ஓர் எண்ணெய்த் துளி வந்தால் அதனோடு அவை கைகோக்க முடியாது. எனவே, அதைச் சுற்றி ஒழுங்காக வரிசை கட்டி நிற்க வேண்டியதாகிறது. இயற்கைக்கு இந்தக் கட்டாய ஒழுங்கு பிடிப்பதில்லை. இரண்டு எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்தால் மேற்பரப்பு குறைகிறது. வரிசையில் நின்ற நீர் மூலக்கூறுகள் பல விடுபடுகின்றன. ஆகவே, எண்ணெய் சேர்வது எண்ணெயின் விருப்பத்தால் அன்று, நீரின் விடுதலையால். தாமரை இலைத் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதற்கும், இலையின் மெழுகுப் பரப்பைத் தொடுவதைவிடத் தன்னோடு தான் சேர்ந்திருக்கவே நீர் விரும்புகிறது என்பதுதான் அடிப்படை.

புரதத்திலும் இத்தகைய எண்ணெய்த் திட்டுகள் உண்டு. லியூசின், ஐசோலியூசின், வாலின், பினைல்அலனின் போன்ற அமினோ அமிலங்கள் பெரும்பாலும் புரதத்தின் உட்புறத்தில் ஒளிந்திருக்கும். ஆனால், சில மேற்பரப்பிலும் திட்டுத் திட்டாகத் தங்கிவிடும். தாங்கியின் மேற்பரப்பிலும் அதுபோன்ற எண்ணெய்க் கரங்களை நாம் பொருத்திவிட்டால், இரண்டும் சந்திக்கும்போது நீர் விலகி, அவை ஒட்டிக்கொள்கின்றன. அம்மோனியம் சல்பேட்டைச் சேர்த்தால் நீரின் பரப்பு இழுவிசை கூடுகிறது, எண்ணெய்த் திட்டைச் சுமப்பது நீருக்கு இன்னும் கடினமாகிறது, ஒட்டுதல் வலுக்கிறது. உப்பைக் குறைத்தால் பிடி தளர்கிறது. குறைந்த திட்டுள்ள புரதம் முதலிலும் மிகுந்த திட்டுள்ள புரதம் கடைசியிலும் வெளியேறும்.

இதிலிருந்து ஒரு விந்தையான விளைவும் பிறக்கிறது. பொதுவாக, வெப்பநிலை கூடினால் இந்தப் பிணைப்பு வலுக்கும்; குளிர்ந்தால் தளரும். ஆகவே, ஒரே குழாயைக் குளிர் அறையில் ஒரு நாளும் வெளியில் ஒரு நாளும் ஓட்டினால் ஒரே விடை வராது. நம் நாட்டு வெயிலில் குளிரூட்டி பழுதான ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நல்ல தாங்கிக்கு இலக்கணம்

தாங்கி என்பது வெறும் மேடை அன்று. அதற்கு ஐந்து தகுதிகள் வேண்டும்.

1. தாங்கி நீரை விரும்ப வேண்டும். இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால், எண்ணெய்க் கரங்கள் மட்டுமே புரதத்தைப் பிடிக்க வேண்டும். மேடை முழுவதும் பிடித்தால் புரதம் உருக்குலைந்துவிடும்.

2. துளைகள் பெரியனவாக இருக்க வேண்டும். புரதம் மணிக்குள் நுழைந்து வெளிவர வேண்டும். மணியின் பரப்பில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் துளைச் சுவர்களில்தான் உள்ளது.

3. அழுத்தத்தைத் தாங்க வேண்டும். மென்மையான மணிகள் வேகமான ஓட்டத்தில் நசுங்கிக் குழாயை அடைத்துவிடும்.

4. சோடியம் ஹைட்ராக்சைடைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு பயன்பாட்டிற்குப் பின்னும் எஞ்சிய புரதத்தையும் கிருமிகளையும் நீக்கப் பெரும்பாலும் 0.5 முதல் 1 மோலார் வரையிலான சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவுவார்கள். சிலிக்கா இதில் தோற்றுவிடுகிறது. அது காரத்தில் மெல்லக் கரைந்துவிடும். பல்லுறுப்பிகளுக்கு இங்கே வாய்ப்புக் கிடைத்தது.

5. மின்னூட்டம் இருக்கக் கூடாது. இருந்தால், புரதம் எண்ணெய்த் திட்டால் ஒட்டியதா, மின்னூட்டத்தால் ஒட்டியதா என்று தெரியாமல் போகும்.

ஐந்தாவது தகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அகரோஸ் மணிகளில் எண்ணெய்க் கரங்களைப் பொருத்தச் சயனோஜன் புரோமைடைப் பயன்படுத்தினர். அந்த இணைப்பிலேயே ஒரு நேர் மின்னூட்டம் தங்கிவிட்டது. 1974-இல் உப்சாலாவின் ஸ்டெல்லன் யெர்டேனும் அவருடைய சகாக்களும் மின்னூட்டம் இல்லாத ஈதர் பிணைப்பின் வழியாகக் கரங்களைப் பொருத்திக் காட்டினர். அதன் பிறகே, நடப்பது நீர்வெறுப்பால் மட்டுமே என்று துணிந்து சொல்ல முடிந்தது.

அகர்-அகரிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் வண்ண வண்ணமாக வெட்டி வைக்கும் அகர்-அகரைச் சுவைக்காத மலேசியர் இருக்க மாட்டார். அந்தச் சொல்லே மலாய்ச் சொல்தான். உலக அறிவியல் மொழிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து கிடைக்கும் அகரில் இரண்டு பகுதிகள் உண்டு. மின்னூட்டமுள்ள பகுதியை நீக்கினால் எஞ்சுவது அகரோஸ். சர்க்கரை அலகுகள் மாறி மாறிக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி அது. ஆறும்போது சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு கற்றைகளாகின்றன; கற்றைகளுக்கு இடையே பெரிய துளைகள் உருவாகின்றன. ஆறு விழுக்காட்டு அகரோஸ் மணியில் மீதம் ஏறத்தாழ முழுவதும் நீர்தான். ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருப்பதால் அது நீரை விரும்புகிறது. முதல் இரண்டு தகுதிகளும் இயல்பாகவே அமைந்துவிட்டன.

மூன்றாவது தகுதிதான் அகரோஸுக்குக் குறை. தொடக்க கால மணிகள் மிக மென்மையானவை. சங்கிலிகளுக்கு இடையே எபிகுளோரோஹைட்ரின் போன்ற பொருள்களால் குறுக்குப் பிணைப்பு இட்ட பிறகு அவை உறுதி பெற்றன. காரத்தையும் நன்கு தாங்கின. இன்றும் புரதத் தொழிலில் அகரோஸ் மணிகளுக்குப் பெரும் இடம் உண்டு.

அடுத்தது செயற்கைப் பல்லுறுப்பிகள். பாலிமெத்தாக்ரிலேட்டு மணிகள் அகரோஸைவிட உறுதியானவை. வேகமான ஓட்டத்திலும் நசுங்குவதில்லை. அவற்றில் ஹைட்ராக்சில் தொகுதிகளைச் சேர்த்து நீர் விரும்பும் பரப்பாக்குகிறார்கள். ஜப்பானின் தோசோ நிறுவனத்தின் டோயோபேர்ல் மணிகள் இவ்வகையின. ஆயினும், சங்கிலியின் முதுகெலும்பு கார்பன் என்பதால் கரங்கள் இல்லாமலே சிறிது நீர்வெறுப்பு எஞ்சக்கூடும். ஆகவே, ஒரே பினைல் கரத்தை அகரோஸிலும் மெத்தாக்ரிலேட்டிலும் பொருத்தினால் ஒரே விடை வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாவது, பாலிஸ்டைரின். டைவினைல்பென்சீனால் குறுக்குப் பிணைப்பிட்ட இம்மணிகள் மிக உறுதியானவை. அமிலம், காரம் இரண்டையும் தாங்குபவை. ஆனால், அவற்றின் உடலே பென்சீன் வளையங்களால் ஆனது. அப்படியே பயன்படுத்தினால் புரதத்தை இறுகப் பிடித்துவிடும். பிரிக்கக் கரிமக் கரைப்பான் வேண்டியிருக்கும். பல புரதங்கள் அதில் வடிவிழந்துவிடும். எனவே, நீர் விரும்பும் மெல்லிய உறையை முதலில் போர்த்தி, அதன் மேல் கரங்களைப் பொருத்துகிறார்கள்.

இவை மூன்றிலும் புரதம் துளைகளுக்குள் மெல்ல ஊர்ந்துதான் செல்ல வேண்டும். பெரிய புரதங்களுக்கு இது நேரம் பிடிக்கும். 1980-களின் இறுதியிலிருந்து வளர்ந்த ஒற்றைக்கட்டித் தாங்கிகளில் மணிகளே இல்லை. குழாய் முழுவதும் துளைகள் கொண்ட ஒரே பல்லுறுப்பிக் கட்டி. நீரோட்டமே புரதத்தைத் துளைச் சுவர் வரை கொண்டு சேர்க்கிறது. பரப்பு குறைவு, ஆனால் வேகம் அதிகம்.

கரங்களின் நீளம்

தாங்கியில் பொருத்தும் கரங்களில் பியூட்டைலுக்கு நான்கு கார்பன், ஆக்டைலுக்கு எட்டு, பினைல் என்பது ஆறு கார்பன் வளையம். கரம் நீள நீளப் பிடி இறுகும். கரங்கள் நெருக்கமாக இருந்தாலும் அப்படியே.

1972-இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தைச் சேர்ந்த ஷால்டியேல் குழுவினர் முயல் தசையிலிருந்து எடுத்த கிளைக்கோஜன் பாஸ்போரிலேஸ் என்னும் நொதியை வெவ்வேறு நீளமுள்ள கரங்கள் கொண்ட அகரோஸ் மணிகளில் செலுத்தினர். ஒரு கார்பன் கரம் பிடிக்கவே இல்லை. மூன்று கார்பன் சற்றுத் தாமதப்படுத்தியது. நான்கு கார்பன் பிடித்தது, வேண்டும்போது விட்டது. ஆறு கார்பனோ, நொதி உருக்குலைந்த நிலையில்தான் விட்டது. நல்ல பிடி என்பது இறுகிய பிடி அன்று. விடத் தெரிந்த பிடி. இந்தப் பரிசோதனையை என் ஆய்வைத் தொடங்குவதற்கு முன் நான் படித்திருக்க வேண்டும்.

காணாமல் போன நொதி

என் லைப்பேஸ் செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர் கலந்த மண்ணில் வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. எண்ணெய் இருக்கும் இடத்தில் எண்ணெயை உடைக்கும் நொதியும் இருக்கும் என்பது நம் நாட்டு ஆய்வாளர்கள் நன்கறிந்த உண்மை. ஜியோபேசில்லஸ் ஸலிஹே என்னும், வெப்பம் தாங்கும் பாக்டீரியா இவ்வாறுதான் மலேசியச் செம்பனை ஆலைக் கழிவுநீரிலிருந்து கண்டெடுக்கப்பட்டது.

முதலில் அம்மோனியம் சல்பேட்டால் புரதங்களை வீழ்படிவாக்கினேன். அதைக் கரைத்தால் உப்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும். ஆகவே அடுத்த படியாக நீர்வெறுப்பு நிறப்பிரிகையை வைப்பது வசதி. குளிர்பதனப் பெட்டியில் ஆக்டைல் அகரோஸ் இருந்தது. இருந்ததை எடுத்தேன். உப்பு 1 மோலார் இருக்குமாறு செய்து கரைசலைச் செலுத்தினேன். கழுவினேன். உப்பைப் படிப்படியாகக் குறைத்தேன். வேறு புரதங்கள் வந்தன; லைப்பேஸ் வரவில்லை. உப்பே இல்லாத பஃபர் கரைசலைச் செலுத்தினேன். அப்போதும் வரவில்லை. சேகரித்த நாற்பது சோதனைக் குழாய்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எதிலும் நொதியின் செயல்பாடு இல்லை.

நொதி செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். இரண்டு மாத வேலை அது. குழாயைச் சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம் என்று என் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வெளியே வந்ததையெல்லாம் சோதித்தாய். மணிகளைச் சோதித்தாயா?"

நான் சோதிக்கவில்லை. அன்று மாலையே ஒரு கரண்டி மணிகளை எடுத்து, நைட்ரோபினைல் பால்மிடேட்டு கலந்த கரைசலில் போட்டேன். லைப்பேஸ் உயிரோடு இருந்தால் அதை உடைத்து மஞ்சள் நிறத்தை வெளியிடும். சில நிமிடங்களில் கரைசல் மஞ்சளானது. ஸ்வெட்டின் குழாயில் தெரிந்த மஞ்சளைவிட எனக்கு அதுதான் அழகு.

நடந்தது இதுதான். பல லைப்பேஸ்களின் வினை மையத்தின் மேல் ஒரு மூடி உண்டு. நீரில் இருக்கும்போது அது மூடியிருக்கும். எண்ணெய்த் துளியைக் கண்டால் திறக்கும். உள்ளே இருக்கும் பெரிய நீர்வெறுப்புப் பரப்பு வெளிப்பட்டு எண்ணெயோடு ஒட்டும். ஆக்டைல் கரங்கள் நிறைந்த மணியை என் நொதி எண்ணெய்த் துளி என்றே எண்ணிவிட்டது. மூடியைத் திறந்து கட்டிப்பிடித்துக்கொண்டது. இத்தகைய பிடிக்கு உப்பே தேவையில்லை. ஆகவே, உப்பை எடுத்ததால் எந்தப் பயனும் இல்லை. டிரைட்டான் எக்ஸ்-100 என்னும் சவர்க்காரத் தன்மையுள்ள பொருளைச் சிறிதளவு சேர்த்த பிறகுதான் நொதி கழன்று வந்தது. பிறகு கரங்கள் குறைவாகப் பொருத்தப்பட்ட பியூட்டைல் மணிகளுக்கு மாறினேன். பெரும்பகுதி உப்பில்லாத கரைசலிலேயே வந்தது. எஞ்சியது எத்திலீன் கிளைக்கால் சேர்த்தபோது வந்தது. அறிக்கையை உரிய நாளில் ஒப்படைத்தேன்.

குறையே நிறையாகும் இடம்

எனக்குத் தொல்லையான அந்தப் பிடி வேறொருவருக்கு வரம். லைப்பேஸ்கள் குறைந்த உப்பிலேயே ஆக்டைல் அகரோஸில் ஒட்டிக்கொள்வதை 1990-களிலேயே ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர். தூய்மைப்படுத்துவதும் தாங்கியில் நிலைநிறுத்துவதும் ஒரே படியில் முடிந்துவிடுகின்றன. மணியோடு ஒட்டிய நொதியை வடிகட்டி எடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். நோவோசைம் 435 என்னும் பெயரில் விற்கப்படும் பொருளும் அக்ரிலிக் பல்லுறுப்பி மணிகளில் ஒட்டவைத்த லைப்பேஸ்தான். கொழுப்பமில எஸ்டர்கள் தயாரிப்பது முதல் மருந்துத் தொகுப்புவரை அதற்கு வேலை உண்டு. செம்பனை எண்ணெய் விளையும் நம் நாட்டில், எண்ணெயின் கொழுப்பமிலங்களை மாற்றியமைக்க இத்தகைய நொதிகள் எவ்வளவு பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை.

மருந்துத் துறையிலும் இம்முறைக்கு இடமுண்டு. புற்றுநோய்க்கும் மூட்டழற்சிக்கும் தரப்படும் எதிர்ப்புரத மருந்துகளைத் தயாரிக்கும்போது சில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டுவிடும். அத்திரள்கள் நோயாளியின் உடலில் வேண்டாத எதிர்ப்பைத் தூண்டக்கூடும். திரண்டவற்றுக்குப் பொதுவாக நீர்வெறுப்பு அதிகம் என்பதால், அவை தாங்கியில் இறுகப் பிடிபடும். நல்லவற்றைத் தனியே எடுக்கலாம். அதே சமயம் இம்முறையில் ஒரு சுமையும் உண்டு. பெருமளவு அம்மோனியம் சல்பேட்டு கழிவுநீரில் சேர்கிறது. காரத்தன்மை கூடினால் அம்மோனியா வாடை வேறு. எனவேதான், குறைந்த உப்பிலேயே வேலை செய்யும் தாங்கிகளை உருவாக்க முயல்கிறார்கள்.

முடிவுரை

"ஏம்மா, அந்தக் குழாய்ல அப்படி என்னதான் பண்றீங்க?" என்று என் அம்மா ஒருநாள் கேட்டார். ஆய்வறிக்கையை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். மேற்பார்வையாளரிடம் மலாயில் பேசியிருந்தேன். அம்மாவிடம் தமிழில் சொல்லத் தொடங்கியபோது இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். தமிழ்ச் சொல் தெரியாததால் மட்டும் அன்று. எண்ணெய் ஏன் நீரில் சேர்வதில்லை என்பதை நானே சரியாக யோசித்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் அறிவியலைத் தமிழில் கற்றவள் நான். அதன் பிறகு சொற்கள் மாறிக்கொண்டே வந்தன. மனப்பாடம் செய்த சொற்களுக்குப் பின்னால் பொருளைத் தேடாமலே பட்டப்படிப்பின் இறுதிவரை வந்துவிட்டேன். இக்கட்டுரை அம்மாவுக்கு நான் சொல்ல முயன்ற விடையின் எழுத்து வடிவம்.

அகர்-அகரிலிருந்து மணி செய்கிறார்கள் என்றதும் அம்மா சிரித்தார். "அதுல எண்ணெய் தடவி, உப்புப் போட்டா ஒட்டும், உப்பை எடுத்தா விட்டுரும். அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான், ஆனால் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நீளக் கரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இளைய மாணவ நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். குழாயை நிரப்புவதற்கு முன், அதில் இருக்கும் மணி எதனால் ஆனது, அதன் கரம் என்ன என்று கேளுங்கள். குளிர்பதனப் பெட்டியில் இருப்பதை எடுத்துவிடாதீர்கள். நொதி காணாமல் போனால், காரத்தை ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டி மணியை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். பல வேளைகளில் நாம் தேடுவது தொலைந்திருக்காது. விட மனமில்லாமல் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும்.